விசைத்தறிச் சத்தத்தை 1/3 ஆக்டேவ் பட்டைகளாகப் பிரிப்பது: காலிபரேஷன் முதல் அறிக்கை வரை முழுமையான வழிகாட்டி

பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, ஆந்திர எல்லை தாண்டினால் ஏகாம்பரகுப்பம், நகரி, புத்தூர் என்று விசைத்தறி ஓடும் ஊர்களில் சத்தம் அளக்க வருகிற மாணவர்களும் இளம் பொறியாளர்களும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். மீட்டர் வாங்கத் தெரிகிறது, பதிவு செய்யத் தெரிகிறது. பதிவை அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கும் ஃபில்டரிடம் வந்ததும், கணினி வரைந்து கொடுத்த படத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்தப் படம் சரியாக இருக்க என்னென்ன வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்பதுதான் இங்கே. வரிசை மாறினால் விடையும் மாறும். அதனால் படிகளை முன்பின் ஆக்காமல் படியுங்கள்.

அடிப்படைப் பைதான் தெரிந்திருந்தால் போதும். தறிக்குப் பதிலாக ஜெனரேட்டரோ கல் உடைக்கும் ஆலையோ அளப்பவர்களுக்கும் இதே படிகள்தான்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

தொழிலாளியின் காதுக்கு ஆபத்தா என்று பார்க்க வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் இரவில் தூங்க முடியவில்லை என்கிறாரா? அல்லது தறிக்கூடத்துச் சுவரை எப்படி மாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று விதமான அளவீடு.

முதல் இரண்டுக்கும் சட்டம் கேட்பது ஒரே ஒரு எண். தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் (ஏ). ஏ என்றால், காது உணர்வதற்கேற்ப அதிர்வெண்களுக்கு வேறுவேறு எடை கொடுத்த அளவு. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் (ஏ). இது மத்திய விதி என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே எண்கள்தான்.

ஆனால் அந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் குறைக்க முடியாது. 100 ஹெர்ட்ஸ் உறுமலை அடக்கும் வழி வேறு, நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) அடிக்கும் 2000 ஹெர்ட்ஸ் ஓசையை அடக்கும் வழி வேறு. எந்தப் பட்டையில் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றால்தான் ஃபில்டர் தேவை.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். காதடைப்பான் தேர்ந்தெடுக்க முழு ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பாகும் அகலம்) போதும். சுவர், கூரை, அடித்தளம் பற்றி முடிவெடுக்க 1/3 ஆக்டேவ். ஒரு குறிப்பிட்ட மோட்டாரின் சுருதியைத் தேடினால் 1/12 அல்லது 1/24. தேவைக்கு மேல் பிரித்தால் ஒவ்வொரு பட்டையும் ஒடுங்கிப்போகும், அதற்கேற்பப் பதிவு நேரம் நீளும். காரணம் 5-ஆம் படியில் வருகிறது.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐஇசி 61672-1 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி கிளாஸ் 1 அல்லது 2 சவுண்ட் லெவல் மீட்டர், அதிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் வசதி, அல்லது மீட்டருக்குள்ளேயே டபிள்யூஏவி கோப்பாகச் சேமிக்கும் வசதி. அதனோடு 1000 ஹெர்ட்ஸில் 94 அல்லது 114 டெசிபெல் தரும் காலிபரேட்டர், அதாவது மீட்டரைச் சரிபார்க்க அளவு தெரிந்த ஒலி தரும் சிறு கருவி. காற்றுத் தடுப்பு நுரைப் பந்து. முக்காலி. நேரத்தோடு குறிப்பெழுத ஒரு நோட்டு.

செல்போன் மைக்கை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் சத்தம் கூடும்போது அதுவாகவே அளவைக் குறைக்கும் வசதியும், பின்னணி ஓசையை அழிக்கும் வசதியும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தறிக்கூடத்தில் அந்த இரண்டும் சேர்ந்து பட்டைகளின் விகிதத்தையே மாற்றிவிடும்.

பதிவுக் கோப்பு சுருக்கப்படாத டபிள்யூஏவி ஆக இருக்கட்டும், முடிந்தால் 24 பிட். எம்பி3 வேண்டாம். அது காதுக்குத் தெரியாது என்று கருதும் பகுதிகளைத் தூக்கி எறியும் முறை. நாம் அளக்க வந்தது அந்தப் பகுதிகளையும் சேர்த்துத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் ஆடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

சாம்பிள் வேகம் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை எண்ணாகப் பதிவது) 48,000 வையுங்கள். 44,100 வைத்தால் 20,000 ஹெர்ட்ஸ் பட்டையைக் கணக்கிடவே முடியாது. அந்தப் பட்டையின் மேல் எல்லை 22,387 ஹெர்ட்ஸ். பதிவில் அடங்குவதோ சாம்பிள் வேகத்தில் பாதி வரைதான், 44,100-இல் பாதி 22,050 மட்டுமே. எல்லையே பதிவுக்கு வெளியே நிற்கிறது. சில மென்பொருள்கள் அப்போதும் ஒரு எண்ணைக் காட்டும். அதற்கு அர்த்தம் இல்லை.

3. பட்டைகளின் எல்லையைக் கணக்கிடுதல்

கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை ஒரு ஆக்டேவ், அதிர்வெண் இரட்டிப்பாகிறது. இது எல்லோருக்கும் தெரியும். அளவீட்டுத் தரமான ஐஇசி 61260-1, அதன் 2014 பதிப்பில், இந்த விகிதத்தைச் சரியாக 2 என்று வைப்பதில்லை. 10^(3/10), அதாவது 1.99526 என்று வைக்கிறது. பத்து பட்டை தாண்டினால் அதிர்வெண் சரியாகப் பத்து மடங்கு ஆக வேண்டும் என்பதற்காக.

1/3 ஆக்டேவுக்குச் சூத்திரம் எளிது. பட்டை எண்ணைப் பத்தால் வகுத்து, 10-இன் அடுக்காகப் போடுங்கள். 30-ஆம் பட்டை: 10^3 = 1000. 20-ஆம் பட்டை: 100. 17-ஆம் பட்டை: 50.12. 31-ஆம் பட்டை: 1258.9.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். மீட்டர் திரையில் அது 1250 என்று இருக்கும். 1250 என்பது அழைக்கும் பெயர் மட்டுமே. கணக்கில் 1258.9-தான் போக வேண்டும். புதியவர்கள் 31.5, 63, 125 என்று பெயர்களையே நடு அதிர்வெண்ணாக எடுத்து எல்லைகளை அமைக்கிறார்கள். அப்படிச் செய்தால் சில இடங்களில் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், சில இடங்களில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ஒரு மோட்டாரின் சுருதி விழுந்தால் தெரியாமலே போகும்.

எல்லைகள்: நடு அதிர்வெண்ணை 10^(1/20) ஆல், அதாவது 1.12202 ஆல் வகுத்தால் கீழ் எல்லை, பெருக்கினால் மேல் எல்லை. 1000 பட்டைக்கு 891.25 முதல் 1122.02 வரை. அகலம் 230.8 ஹெர்ட்ஸ், நடு அதிர்வெண்ணில் சுமார் 23 சதவீதம். எல்லாப் பட்டைக்கும் இதே சதவீதம் என்பதால் 25 ஹெர்ட்ஸ் பட்டையின் அகலம் 5.8 ஹெர்ட்ஸ்தான்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் காந்த உறுமல் அதன் இரட்டிப்பான 100-இல் வரும், 100 பட்டையின் நடுவிலேயே உட்காரும். 150 ஹெர்ட்ஸ் என்றால் 160 பட்டையில் (141.3 முதல் 177.8). 300 என்றால் 315 பட்டையில். நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரின் சுழற்சி 24 ஹெர்ட்ஸ், 25 பட்டையில். அளக்கப் போகும் முன்பே இந்தப் பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டால், படத்தில் எதைத் தேடுகிறோம் என்று தெரியும்.

இப்போது பலரைக் குழப்பும் ஒரு விஷயம். 1/6, 1/12, 1/24 போல இரட்டை எண்ணால் பிரிக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் எந்தப் பட்டைக்கும் நடுவில் இருக்காது, இரண்டு பட்டைகளின் எல்லையில் நிற்கும். 1/6 ஆக்டேவில் 1000-க்கு இருபுறமும் நடு அதிர்வெண்கள் 944.1, 1059.3. ஒரு 1/3 பட்டையைச் சரிபாதியாகப் பிளந்தால் இரண்டு 1/6 பட்டைகள் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

விளைவு என்ன? 94 டெசிபெல் காலிபரேட்டர் ஒலியை 1/6 ஆக்டேவில் பார்த்தால் 94 எங்கும் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 91 தெரியும். கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அளவைத் திருகாதீர்கள். இரண்டையும் ஆற்றல் முறையில் (ஒவ்வொன்றையும் 10 ஆல் வகுத்து 10-இன் அடுக்காக்கி, அவற்றைக் கூட்டி, மடக்கை எடுத்து 10 ஆல் பெருக்கி) கூட்டினால் 94 வந்துவிடும்.

4. காலிபரேட்டர் ஒலியைப் பதிவு செய்யுங்கள், பிறகு எதையும் தொடாதீர்கள்

கோப்பிலுள்ள எண்களுக்குத் தாமாக எந்த அழுத்தமும் கிடையாது. 94 டெசிபெல் என்றால் 1 பாஸ்கல். அந்த ஒலியை 30 விநாடி பதிவு செய்து, அதன் ஆர்எம்எஸ் மதிப்பால் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்க மூலம்) 1-ஐ வகுத்தால் வருவதே நம் பெருக்கு எண். இனி அந்தக் கருவி அமைப்பில் எடுத்த ஒவ்வொரு பதிவையும் இந்த எண்ணால் பெருக்க வேண்டும்.

பதிவின் அளவை அமைத்த பிறகுதான் காலிபரேஷன். பலர் காலிபரேட் செய்துவிட்டு, தறி ஓடத் தொடங்கியதும் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து அளவைக் குறைக்கிறார்கள். அந்த நொடியிலேயே காலிபரேஷன் செல்லாது. முதலில் தறியை ஓடச் சொல்லி, நாடா அடிக்கும் உச்சங்களுக்கு இடம் விட்டு அளவை அமையுங்கள். சராசரிக்கு மேல் 20 டெசிபெல்லாவது காலியாக இருக்கட்டும். அதன்பின் காலிபரேட்டரை மாட்டுங்கள்.

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தால், காலிபரேட்டர் பதிவை முதலில் 1000 ஹெர்ட்ஸ் பட்டை வழியாக அனுப்பிவிட்டு ஆர்எம்எஸ் எடுங்கள். கசிந்து வரும் கீழ் அதிர்வெண் உறுமல் கணக்கில் சேராது.

சித்திரை வெயிலில் காரிலிருந்து எடுத்த மீட்டரை உடனே மாட்ட வேண்டாம். கூடத்து வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி காலிபரேட்டரைப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே அரை டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய பதிவை ஒதுக்கிவிடுங்கள்.

5. பதிவு: எங்கே, எவ்வளவு நேரம்

மீட்டரை இசட் வெயிட்டிங்கில், அதாவது எந்த அதிர்வெண்ணையும் கூட்டாமல் குறைக்காமல் எடுக்கும் நிலையில், வையுங்கள். ஏ வெயிட்டிங்கில் பதிவு செய்துவிட்டு, பிறகு கணக்கிலும் ஏ திருத்தம் போட்டால் 100 ஹெர்ட்ஸ் பட்டை இரண்டு முறை 19.1 டெசிபெல் குறைந்துவிடும். உறுமலே இல்லாத தறிக்கூடம் போலத் தெரியும்.

மூலையில் மைக்கை வைக்காதீர்கள். கீழ் அதிர்வெண்கள் சுவரோரத்திலும் மூலையிலும் குவியும். சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, பல இடங்களில் எடுத்து, ஆற்றல் முறையில் சராசரி போடுங்கள்.

நேரம்தான் புதியவர்கள் குறைத்து மதிப்பிடும் விஷயம். கலவையான இரைச்சலில் ஒரு பட்டையின் அளவு எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 4.34-ஐ, பட்டை அகலத்தையும் விநாடிகளையும் பெருக்கி வந்ததன் வர்க்க மூலத்தால் வகுங்கள். 1000 பட்டையில் 1 விநாடி எடுத்தால் 0.29 டெசிபெல். 50 பட்டையில் அதே 1 விநாடிக்கு 1.3 டெசிபெல். 31.5 பட்டையில் 60 விநாடி எடுத்தால்தான் 0.2-க்கு இறங்கும். கீழ்ப் பட்டைகள் ஒடுக்கமானவை, அதனால் அவைதான் பதிவின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன.

தறி ஓசை வெறும் இரைச்சல் அல்ல, அடிமேல் அடி. ஆகவே இந்தக் கணக்கைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மனம் நிம்மதி. தறிக்காரர் “ஏன் தம்பி இவ்ளோ நேரம், ஒரு தடவை பாத்தா தெரியாதா?” என்று கேட்பார். “கீழ் சத்தம் நிலைக்கு வர நேரமாகும்ண்ணா” என்று சொன்னால் போதும், சுருதி சேர்க்கத் தெரிந்தவர்கள் போலப் புரிந்துகொள்வார்கள்.

அரக்கோணம்–ரேணிகுண்டா ரயில் பாதைக்கு அருகில் இருந்தால் ரயில் வந்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். சரக்கு வண்டி ஒன்று போனால் கீழ்ப் பட்டைகள் எல்லாமே தூக்கிவிடும். அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்ட வேண்டும்.

6. ஃபில்டரை அமைத்தல்

பைதானில் ஸைபை நூலகத்தின் பட்டர்வொர்த் ஃபில்டர் இந்த வேலைக்குப் போதுமானது. ஒவ்வொரு பட்டைக்கும் ஃபில்டரின் படி (ஆர்டர், ஓரம் எவ்வளவு செங்குத்து என்று சொல்லும் எண்) 3 என்று கொடுங்கள். பேண்ட்பாஸ் (இரண்டு எல்லைகளுக்கு நடுவே மட்டும் விடும் வகை) என்று சொன்னதும் அந்த நூலகம் படியைத் தானாக இரட்டிப்பாக்கி 6 துருவங்கள் (ஃபில்டரின் குணத்தைத் தீர்மானிக்கும் கணிதப் புள்ளிகள்) ஆக்கிவிடும். இது தெரியாமல் 6 என்று கொடுத்தால் 12 துருவங்கள் வரும். ஓரங்கள் அளவுக்கு மீறிச் செங்குத்தாகி, ஒரு அடி ஓசைக்குப் பிறகு ஃபில்டர் வெகுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஃபில்டரைக் கட்டாயம் இரண்டாம் படித் துண்டுகளாக (நூலகத்தில் எஸ்ஓஎஸ் என்ற வடிவம்) எடுங்கள். ஒரே நீளமான பின்னமாக எடுத்தால் 48,000 சாம்பிள் வேகத்தில் 25 ஹெர்ட்ஸ் பட்டையின் துருவங்கள் எல்லாம் ஒரே புள்ளியில் நெருங்கிக் கிடக்கும். கணினியின் தசமப் பிழையே ஃபில்டரை நிலைகுலைய வைக்கும். மேல்பட்டைகள் எல்லாம் ஒழுங்காக இருந்து, கீழே மட்டும் 200, 300 டெசிபெல் என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கீழ்ப் பட்டைகளுக்குச் சாம்பிள் வேகத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். வேகமும் கூடும், துல்லியமும் கூடும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, குறைக்கும் முன் மேல் அதிர்வெண்களை வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவை கீழே மடிந்து வந்து இல்லாத உறுமலை உண்டாக்கும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. மேல் ஆக்டேவுக்கு அமைத்த மூன்று ஃபில்டர்களையே, வேகத்தைப் பாதியாக்கிக் கீழ் ஆக்டேவுக்கும் பயன்படுத்தலாம் என்று பழைய நிரல்கள் பல செய்கின்றன. விகிதம் சரியாக 2 என்றால் அது பொருந்தும். நம் தரத்தில் விகிதம் 1.99526. பத்து ஆக்டேவ் இறங்கினால் 1024-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசம், 2.4 சதவீதம், சேர்ந்துவிடும். பட்டையின் மொத்த அகலமே 23 சதவீதம்தான் என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. ஒவ்வொரு வேகத்திலும் எல்லைகளைப் புதிதாகக் கணக்கிட்டு ஃபில்டரைப் புதிதாக அமையுங்கள்.

முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டும் ஃபில்டர் முறையைப் பயன்படுத்தாதீர்கள். காலதாமதம் நீங்குகிறது என்று அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஓரங்களில் 3 டெசிபெல்லாக இருக்க வேண்டிய குறைவு 6 ஆகிவிடும், பட்டை ஒடுங்கும், எல்லாப் பட்டைகளும் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

ஒரு சிறு திருத்தம். மூன்றாம் படி பட்டர்வொர்த், எல்லைக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் ஆற்றலை உள்ளே விடுவதால், வெள்ளை இரைச்சலில் (ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் சம ஆற்றல் உள்ள இரைச்சல்) உள்ளதைவிட 0.2 டெசிபெல் கூடுதலாகக் காட்டும். பட்டை அகலத்தை 1.047 ஆல் வகுத்து அமைத்தால் இது சரியாகும். அப்போது எல்லையில் குறைவு 3-லிருந்து 3.6 ஆகும். இரைச்சல் அளப்பவர்கள் திருத்துங்கள். பட்டை எல்லையில் விழும் தனிச் சுருதியைத் தேடுபவர்கள் விட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும் அறிக்கையில் எழுதுங்கள்.

7. தறிப் பதிவைப் போடும் முன் ஃபில்டரைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். அளவீடு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. மூன்று சோதனைகள், கொஞ்ச நேர வேலை.

முதல் சோதனை, காலிபரேட்டர் பதிவு. 1000 பட்டையில் 94.0 வர வேண்டும். பக்கத்து 800, 1250 பட்டைகளில் சுமார் 18 டெசிபெல் குறைவாக, அதாவது 76 அளவில் வரும். அடுத்த 630, 1600-இல் 37 குறைவு. அகலத் திருத்தம் போட்டிருந்தால் இன்னும் ஒன்றோ ஒன்றரையோ குறையும். பக்கத்துப் பட்டைகள் சுத்தமாகப் பூஜ்யம் ஆகிவிட்டாலோ, 10 மட்டுமே குறைந்தாலோ ஃபில்டர் அமைப்பில் தவறு.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் உதவும். மோட்டார் உறுமல் 100-இல் 80 டெசிபெல் இருந்தால் 80, 125 பட்டைகளில் தெரியும் 62 என்பது பெரும்பாலும் அதே உறுமலின் கசிவு. அங்கே வேறொரு இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது சோதனை, கணினியில் உண்டாக்கிய வெள்ளை இரைச்சல். ஒவ்வொரு 1/3 பட்டைக்கும் 1 டெசிபெல் வீதம் படிக்கட்டு போல ஏற வேண்டும். பிங்க் இரைச்சல் (ஒவ்வொரு ஆக்டேவிலும் சம ஆற்றல்) போட்டால் சமதளமாக இருக்க வேண்டும். வெள்ளை இரைச்சல் சமதளமாகத் தெரிந்தால் யாரோ பட்டை அகலத்தால் வகுத்திருக்கிறார்கள். அது அடர்த்தி, பட்டை அளவு அல்ல.

மூன்றாவது, கூட்டல் சோதனை. அடுத்தடுத்த மூன்று 1/3 பட்டைகளை ஆற்றல் முறையில் கூட்டினால் அந்த முழு ஆக்டேவ் ஃபில்டர் காட்டும் அளவு வர வேண்டும். 70, 72, 68 என்றால் 75.1.

ஃபில்டருக்குப் பதிலாக எஃப்எஃப்டி (பதிவைச் சம இடைவெளி அதிர்வெண் கோடுகளாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்து அதன் கோடுகளைப் பட்டையாகக் கூட்டலாமா என்று கேட்பார்கள். சீராக ஓடும் விசிறிக்குச் செய்யலாம். 48,000 வேகத்தில் 4096 புள்ளி எடுத்தால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 11.7 ஹெர்ட்ஸ் இடைவெளி, 25 பட்டையின் அகலமோ 5.8. கீழே சில பட்டைகளுக்குள் ஒரு கோடுகூட விழாமல் போகலாம். நீளமாக எடுத்தால் அது சரியாகும், ஆனால் அடி ஓசையின் நேர வடிவம் கலைந்துவிடும். தறிக்கு ஃபில்டரே நல்லது.

8. வடிகட்டு, வர்க்கமாக்கு, சராசரி எடு, அதன்பின் டெசிபெல்

இந்த நான்கையும் இதே வரிசையில் செய்யுங்கள். பாஸ்கலாக மாற்றிய பதிவை ஃபில்டர் வழியாக அனுப்பி, ஒவ்வொரு சாம்பிளையும் வர்க்கமாக்கி, நேரத்தில் சராசரி எடுத்து, 20 மைக்ரோபாஸ்கலின் வர்க்கத்தால் வகுத்து, மடக்கை எடுத்து 10 ஆல் பெருக்குங்கள்.

டெசிபெல் ஆக்கிவிட்டுப் பிறகு சராசரி எடுப்பது மிக அதிகமாகக் காணும் தவறு. பாதி நேரம் 90, பாதி நேரம் 100 என்றால் விடை 95 அல்ல, 97.4. சத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவு பிழை. அடித்து அடித்து ஓடும் தறியில் பிழை பெரிதாகவே இருக்கும்.

பதிவின் தொடக்கத்தை வெட்டுங்கள். தட்டிய வெண்கல மணி கை எடுத்த பின்னும் ஒலிப்பதுபோல, ஃபில்டரும் நிலைக்கு வர நேரம் எடுக்கும். பட்டை எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு நேரம். 25 பட்டையில் மூன்றாம் படி ஃபில்டரின் தாமதம் சுமார் 0.11 விநாடி, 1000 பட்டையில் 3 மில்லி விநாடிகூட இல்லை. முதல் இரண்டு விநாடியை எல்லாப் பட்டையிலும் விட்டுவிட்டால் கவலையில்லை.

இதனாலேயே, ஒரு அடியின் உச்சத்தைப் பட்டைவாரியாக ஒப்பிடும்போது கவனம் தேவை. கீழ்ப் பட்டையில் தெரியும் உச்சம் தாமதமாகவும் மழுங்கியும் வரும். அது ஃபில்டரின் குணம், தறியின் குணம் அல்ல.

9. பின்னணியைப் பட்டைக்குப் பட்டை கழியுங்கள்

தறி நின்றபோது அதே இடத்தில் எடுத்த பதிவு இல்லாமல் பக்கத்து வீட்டு அளவீட்டுக்கு மதிப்பில்லை. ஷிஃப்ட் மாறும் நேரமும் கரண்ட் போன நேரமும் இதற்கு உதவும். கரண்ட் போனால் பக்கத்துக் கடை ஜெனரேட்டர் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பட்டையிலும் தறி ஓடும் அளவுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 டெசிபெல்லுக்கு மேல் என்றால் விட்டுவிடலாம். 6 என்றால் 1.3 குறைக்க வேண்டும். 3 என்றால் 3. அதற்கும் கீழே என்றால் அந்தப் பட்டையில் எண் தராதீர்கள், பின்னணியிலிருந்து பிரிக்க முடியவில்லை என்று எழுதுங்கள். மொத்த டெசிபெல்லில் மட்டும் ஒரே திருத்தம் போடுவது செல்லாது. கீழ்ப் பட்டைகளில் வித்தியாசம் 2 ஆகவும், மேல் பட்டைகளில் 15 ஆகவும் இருப்பது சாதாரணம்.

10. ஏ திருத்தமும் மொத்தக் கூட்டலும்

இப்போதுதான் ஏ வெயிட்டிங். 63-இல் 26.2 குறைக்க வேண்டும், 100-இல் 19.1, 125-இல் 16.1, 250-இல் 8.6, 500-இல் 3.2. 1000-இல் மாற்றம் இல்லை. 2000-இல் 1.2, 4000-இல் 1.0 கூட்ட வேண்டும். 8000-இல் 1.1 குறைக்க வேண்டும்.

எல்லாப் பட்டைகளையும் ஆற்றல் முறையில் கூட்டி, மீட்டர் அதே நேரத்துக்குக் காட்டிய ஏ சராசரியோடு ஒப்பிடுங்கள். அரை டெசிபெல்லுக்குள் பொருந்த வேண்டும். இந்த ஒப்பீட்டுக்குப் பின்னணி கழிக்காத எண்களை எடுங்கள், மீட்டருக்குப் பின்னணி எது என்று தெரியாது. பொருந்தாவிட்டால் 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் பெருக்கு எண்ணில்தான் தவறு இருக்கும்.

11. படத்தை வாசித்தல்

நிமிடத்துக்கு 120, 150 முறை ஊடை அடிக்கிறது, அப்படியானால் 2 ஹெர்ட்ஸ் எங்கே என்று படத்தில் தேடுகிறார்கள். 2 ஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும் எல்லைக்கும் நம் பட்டைகளுக்கும் கீழே. அது சத்தம் ஏறி இறங்கும் தாளம். ஒவ்வொரு அடியின் ஓசையும் நடு, மேல் பட்டைகளில் அகலமாகப் பரவிக் கிடக்கும். தாளத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பட்டையின் அளவை நேரத்துக்கு எதிராக வரையுங்கள்.

பக்கத்து வீட்டுப் படத்தைத் தறிக்கூடத்துப் படத்துக்குக் கீழே வைத்து, பட்டைக்குப் பட்டை வித்தியாசம் எடுங்கள். வித்தியாசம் மேல்பட்டைகளில் வளர்ந்துகொண்டே போனால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. கனமான சுவருக்கு அதிர்வெண் இரட்டிப்பானால் தடுப்பு ஏட்டுக் கணக்கில் 6 டெசிபெல் கூடும். 1000, 2000-க்கு மேல் வளராமல் தேங்கி நின்றால் எங்கோ இடைவெளி. கூரை ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே, காற்றுக்கு விட்ட ஜாலி, மூடாத ஜன்னல். அங்கே செங்கல் அடுக்கிப் பயனில்லை, ஓட்டையை அடையுங்கள்.

100 பட்டை மட்டும் தூக்கி நின்று, ஜன்னலை மூடியும் இறங்காவிட்டால் அதிர்வு தரை வழியாகப் போகிறதா என்று பாருங்கள். நாடா ஓடாமல் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு அளந்தால் பாதி விடை கிடைத்துவிடும். அப்போதும் 100 அப்படியே நின்றால் மோட்டாரையும் அதன் பிடிப்பையும் பாருங்கள். இறங்கிவிட்டால் தறியின் கால் பதிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்.

தனிச் சுருதி இருக்கிறதா என்று பார்க்க சுற்றுப்புறச் சத்தம் அளப்பதற்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 1996-2 ஒரு எளிய வழி தருகிறது: ஒரு 1/3 பட்டை தன் இருபுறப் பட்டைகளையும்விட 25 முதல் 125 ஹெர்ட்ஸ் வரை 15 டெசிபெல், 160 முதல் 400 வரை 8, 500-க்கு மேல் 5 உயர்ந்திருக்க வேண்டும். சுருதி இரண்டு பட்டைகளின் எல்லையில் விழுந்தால் இரண்டும் சமமாக உயர்ந்து இந்தச் சோதனையிலிருந்து தப்பிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள் சேர்ந்து எழுந்து நிற்பதைக் கண்டால் 1/12 ஆக்டேவில் மறுபடி ஓட்டுங்கள்.

12. அறிக்கையில் இருக்க வேண்டியவை

கருவியின் வகுப்பு, காலிபரேஷன் முன்னும் பின்னும், சாம்பிள் வேகம், ஃபில்டரின் படி, விகிதம் 10 அடிப்படையா 2 அடிப்படையா, அகலத் திருத்தம் உண்டா, பதிவு நேரம், வெட்டிய பகுதிகளும் காரணமும், மைக் நின்ற இடங்களின் படம், எத்தனை தறி ஓடின, பின்னணி எப்போது எடுத்தது. பட்டை அளவுகளை இசட் ஆகவும் ஏ ஆகவும் இரண்டு தனி நெடுவரிசைகளில் தாருங்கள், ஒன்றை மட்டும் தந்தால் அடுத்து வருபவர் எது என்று தெரியாமல் மறுபடி திருத்தம் போடுவார்.

தறிக்காரருக்குத் தரும் தாளில் மட்டும் எல்லாப் பட்டைகளையும் போடாமல், எந்த மூன்று பட்டைகள் பக்கத்து வீட்டை எட்டுகின்றன, அவை எங்கிருந்து கிளம்புகின்றன, முதலில் எதை அடைக்க வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். நகரிப் பக்கம் என்றால் தெலுங்கிலும் ஒரு பிரதி கொடுங்கள்.